சர்க்கரை கூடப் போடலாமா, சிஸ்டர்?

நர்சிங் முதலாமாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் மொத்தமாக வந்து சேரும். வாழப்பாடி, ஓமலூர், ஏற்காட்டுப் பக்கம் தமிழில் படித்துவிட்டு சேலம் வரும் பிள்ளைகளுக்கு அவை ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன.

ஓ.ஆர்.எஸ். பாடத்தையே பாருங்கள், பேதியில் இழந்த நீரை ஈடுகட்டக் குடிக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல். சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே கடத்திப் புரதம் வழியாகச் சேர்ந்து உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். ஸ்லைடு போட்டு பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். தேர்விலும் அப்படியே எழுதுவார்கள். ஆனால் வார்டில் ஒரு தாய், "குழந்தை குடிக்க மாட்டேங்குது சிஸ்டர், இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடலாமா?" என்று கேட்டால், எழுதிய பிள்ளைகளில் பலர் விழிக்கிறார்கள்.

அதனால் நான் அந்தக் கேள்வியில் இருந்துதான் வகுப்பைத் தொடங்குகிறேன். பெஞ்சு பெஞ்சாகப் பேசச் சொல்வேன், தமிழிலேயே. "குளுக்கோஸ் கூடினால் தண்ணீரும் கூடத்தானே போகும்?" என்று ஒரு கூட்டம் நிற்கும். சவ்வூடு பரவலை, அதாவது கெட்டியான கரைசல் பக்கம் தண்ணீர் சவ்வு வழியே நகர்வதை, யாராவது இழுப்பார்கள். அப்போதுதான் விளக்கம்: கரைசல் கெட்டியானால் அது உடம்பிலிருந்து குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பேதி கூடும். 2002-இல் உலக சுகாதார நிறுவனம் ஓ.ஆர்.எஸ்.-இன் மொத்தச் செறிவை லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோலில் (கரைந்திருக்கும் துகள்களை அளக்கும் அலகு) இருந்து 245-ஆகக் குறைத்ததை இந்த இடத்தில் சொன்னால் மனதில் நிற்கிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது ஏன் ஆபத்து என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

விரிவுரையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அமில-கார சமநிலையை முதலில் ஆசிரியர் விளக்காவிட்டால் குழு விவாதம் குருட்டு விவாதம்தான். எலும்புகள் பற்றிய பாடத்துக்கு எலும்பைக் கையில் கொடுத்தால் போதும்.

அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு தொகுத்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சுமார் 34 சதவீதம் பேர் தோற்றார்கள், மாணவர்கள் பங்கெடுத்த வகுப்புகளில் 22. இது நர்சிங்குக்கென்றே செய்த கணக்கு இல்லை, சரி. ஆனாலும் ஒதுக்க முடியாது. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான இன்னொரு ஆய்வில், பங்கெடுத்துப் படித்தவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். ஆகவே எந்த முறை நல்லது என்பதை மாணவர் கருத்துப் படிவத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் அந்தச் சர்க்கரைக் கேள்வியை, விரிவுரையாக மட்டும் கேட்ட பிரிவிலும் பேசிப் படித்த பிரிவிலும் கேட்டுப் பாருங்கள். பதிலோடு காரணத்தையும் சொல்லச் சொல்லுங்கள்.