தகராறு: வரப்பில் தொடங்கி கடல்வரை

எங்கள் பக்கம் நடவுக்கு முன்னால் அண்டை வெட்டுவார்கள். வரப்பின் பக்கவாட்டை மண்வெட்டியால் புல்லோடு சீவி எடுத்துவிட்டு, சீவிய இடத்தில் சேற்றை அள்ளி அப்புவது அண்டை கட்டுவது. அடுத்தவர் பக்கம் ஒரு சாண் வெட்டி, தன் பக்கம் ஒரு சாண் கூட்டிக் கட்டுகிற ஆள் வாய்த்தால் போதும், பத்து வருஷத்தில் வரப்பு நடந்தே போய்விடும். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே சித்தப்பாவின் வயலில் அப்படித்தான் நடந்தது. சர்வேயர் வந்து எல்லைக் கல்லைத் தேடிய அன்று பக்கத்து வயல்காரர் அலுத்துக்கொண்டார்: "என்ன தம்பி இது, வருஷா வருஷம் இதே தகராறா?"

அவருக்குத் தெரியாமலே அந்தச் சொல்லின் மூலப் பொருளைச் சொல்லிவிட்டார். தகராறு என்பது 'தக்ரார்' என்ற அரபுச் சொல். அரபியில் அதற்குச் சண்டை என்று பொருள் இல்லை; ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தல், அவ்வளவுதான். பாரசீகம், உருது என்று வழிநடந்தபோது 'சொன்னதையே சொல்லி வாதாடுதல்' ஆகி, அப்புறம் சச்சரவு ஆயிற்று. மராத்தியில் இதே சொல்லுக்குப் புகார் என்று பொருள். கன்னடத்தில் ஆட்சேபம். மலையாளத்தில் பழுது. தமிழ் இரண்டைப் பிடித்துக்கொண்டது: பங்காளியோடும் தகராறு, மோட்டாரிலும் தகராறு. தஞ்சையை மராட்டியர் 1676 முதல் 1855 வரை ஆண்டார்கள். ஆர்க்காட்டு நவாபும் கிழக்கிந்தியக் கும்பினியும் வரிக்கு வந்து நின்றார்கள். தாவா, ஜப்தி, வாரிசு, ரசீது, ராஜினாமா எல்லாம் அந்தக் காலத்துச் சர்க்கார் கச்சேரிப் புழக்கத்தின் மிச்சம். தகராறும் அந்தக் கூட்டத்துச் சொல்தான்.

சொல்லில் 'தகர்' இருப்பதால் தகர்த்தலோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம், அது வெறும் ஒலி ஒற்றுமை.

சரி, நல்ல தமிழில் என்ன சொல்வது? இங்கேதான் கடலைத் தாண்டிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் சட்டத்தைப் பேசும்போது 'தொழில் தகராறு', 'தொழில் தாவா' என்கிறோம். இலங்கையில் அதே பொருளுக்குச் சட்டத்தின் பெயரிலேயே 'கைத்தொழிற் பிணக்கு' என்று எழுதுகிறார்கள். நாம் மேடையில் தனித்தமிழ் பேசிக்கொண்டிருக்க, அவர்கள் சத்தமில்லாமல் சட்டப் புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள்!

பிணக்கு, 'பிணங்கு' என்ற வினையிலிருந்து வந்தது. பிணங்குதல் என்றால் ஒன்றோடொன்று பின்னிச் சிக்கிக்கொள்ளுதல். காட்டில் கொடிகள் பின்னிக் கிடப்பதைச் சங்கப் பாட்டு 'பிணங்கு அரில்' என்கிறது. மனம் சிக்குவது, பேச்சு சிக்குவது எல்லாம் பிறகு வந்த பொருள்.

இந்தச் சொல்லின் முழு அர்த்தத்தைப் பார்க்க அகராதி வேண்டியதில்லை, பாக்கு நீரிணை போதும். யாழ்ப்பாணம், மன்னார்க் கரைக்காரர்கள் பெரும்பாலும் சிறிய படகில் போய், இரவில் செவுள்வலையை விரித்துவிட்டுக் காத்திருப்பவர்கள். நம் விசைப்படகு இழுவலையைக் கடலடியில் இழுத்துக்கொண்டு வரும். அது குறுக்கே போனால் விரித்த வலை சிக்கி, அறுந்து, அதோடு போய்விடும். விடிந்து பார்த்தால் மிதவைகூட இருக்காது. உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் அவர்களைக் கடலுக்குப் போகவிடாமல் கட்டுப்பாடுகள் இருந்தன. நம் படகுகள் போய்ப் பழகின. 2009 மே மாதம் போர் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது கடலில் இடம் இல்லை. 2017-இல் இலங்கை இழுவலையைச் சட்டத்தால் தடை செய்தது. மறு ஆண்டு, அத்துமீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தைக் கடுமையாக உயர்த்தியது. இரண்டு பக்கமும் பேசுவது தமிழ் என்பதால் வசவுகூட மொழிபெயர்ப்பு இல்லாமல் போய்ச் சேருகிறது.

எல்லைக் கோட்டின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 285 ஏக்கர் கொண்ட கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. தீவு இராமநாதபுரம் ஜமீனுடையது என்ற உரிமைப் பேச்சு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் கோடு நீண்டது. ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று கடிதமும் பரிமாறிக்கொண்டார்கள்.

ஆகவே செய்தித்தாள்கள் போடுகிற 'எல்லைத் தகராறு' எனக்கு உடன்பாடில்லை. இரு அரசுகளுக்கும் இடையே எல்லை தீர்ந்துபோன விஷயம். தீராதது, அதில் பிழைக்கிற உரிமை. இதற்குத் தமிழில் இன்னும் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது: வழக்கு. 'வழங்கு' என்பதிலிருந்து வந்தது. வழங்கி வருகிற பழக்கமும் வழக்குதான், நீதிமன்றத்தில் நடப்பதும் வழக்குதான். 1974 ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் இதுவரை போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம், விசா வேண்டாம் என்கிறது. 6-ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் ஒன்று மற்றதன் கடலில் வழிவழியாகப் பெற்றுவந்த உரிமையைப் பற்றிப் பேசுகிறது. வலை காயவைக்கலாம், அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போகலாம், மீன் பிடிக்கலாமா என்பதில்தான் இழுபறி. பழைய வழக்கு என்ன என்பதே புதிய வழக்கு. 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் இந்தக் கச்சத்தீவு ஒப்பந்தங்களை எதிர்த்துத்தான்.

இதில் பணம் எங்கே போகிறது என்று நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் நின்றால் தெரியும். டீசல், ஐஸ், அரிசி பருப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டுதான் படகு கிளம்பும். பாடு, அதாவது மீன், கிடைத்தால் செலவு போக மிச்சத்தில் பங்கு. கிடைக்காவிட்டால் ஆளுக்குக் கடன்தான். பலரும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர்கள், மீனை அவரிடமே போட வேண்டும். படகு பிடிபட்டால் ஆட்கள் சில வாரத்திலோ மாதத்திலோ திரும்பி வரலாம்; படகு வராது, அரசுடைமை ஆகிவிடும். 2022-இல் இலங்கை அப்படிப்பட்ட படகுகளை ஏலம்கூட விட்டது. அதோடு ஐஸ் கம்பெனி, வலை பின்னுகிறவர், கூடை சுமக்கிற அம்மா என்று வரிசையாக அடி விழும். ஏற்கெனவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. பாக்கு நீரிணைப் படகுகளை ஆழ்கடலுக்குத் திருப்பும் திட்டம் 2017-இல் வந்தது. மானியம் போக மீதிக் கடனை நினைத்தே பலர் பின்வாங்கினார்கள்.

அண்டை என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. வரப்பின் ஓரமும் அண்டை, பக்கத்தில் இருப்பதும் அண்டை. அண்டை நாடு என்று எழுதும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பா வயல் ஞாபகம் வருகிறது.

எழுதுகிறவர்களுக்கு என் யோசனை: அரசுகளுக்கு இடையே என்றால் பிணக்கு, உரிமைக்காக என்றால் வழக்கு. பேச்சில் தகராறு இருக்கட்டும், எந்த வரப்புச் சண்டையும் ஒரு தடவையோடு முடிந்ததில்லை என்பதால் அந்த அரபுப் பொருள் நமக்கு நன்றாகவே பொருந்துகிறது. கரையிலும் அதை விடப்போவதில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் எப்படிப் போனீர்கள் என்று ஒரு ஃபைபர் படகுக்காரரிடம் கேட்டேன். கடல் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள் அவர்கள். வலையிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "எஞ்சின் தகராறு சார். நீவாடு இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு."