உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

சென்ற மாதம் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் தம் தாத்தாவின் தூண்டில் கோலைக் குன்னூரிலுள்ள என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். தாத்தா தேயிலைத் தோட்டத்தில் எழுத்தராக இருந்தவர். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேலாளர் அவரிடம் கொடுத்துவிட்டுப் போன ஃப்ளை ராட் அது; ஈ போலச் செய்த செயற்கை இரையை வீசி மீன் பிடிக்கும் கோல். துணிப்பையின் முடிச்சை நான் அவிழ்ப்பதற்கு முன்பே, "பெரிய வேலை எதுவும் இருக்காது சார், நன்றாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டுவிட்டேன், பூண் மட்டும் கொஞ்சம் ஆடுகிறது" என்றார். (கோலின் துண்டுகளை இணைக்கும் உலோகக் குழல்தான் பூண்.) எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது. உள்ளே இருந்த மூன்று துண்டுகளும் அன்று சீவிய குச்சி போல வெளிறி, அதன்மேல் கட்டில் காலுக்குப் பூசுவது போலத் தடிமனான பாலியூரிதேன் பூச்சோடு பளபளத்தன. இந்த ஆண்டில் இந்த நிலையில் என் மேசைக்கு வந்த ஐந்தாவது கோல் இது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீலகிரியில் இத்தகைய கோல்கள் எப்படி வந்தன என்பது பலருக்குத் தெரிந்த கதை. 1863இல் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே ட்ரவுட் மீனை இம்மலைக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகே வானவில் ட்ரவுட் இங்குள்ள ஓடைகளில் நிலைத்தது. மீனின் பின்னால் கோல்களும் வந்தன. அவற்றில் பல, இங்கிலாந்தின் ஆனிக் நகரில் ஹார்டி நிறுவனம் 'பாலகோனா' என்ற பெயரில், பிளந்த மூங்கில் கீற்றுகளை (பிளாச்சுகளை) ஒட்டிச் செய்த கோல்கள். பரண்களிலும் பங்களாக்களின் பின்கட்டுகளிலும் அவை இன்றும் கிடைக்கின்றன.

கிடைத்தவுடன் ஏன் எல்லோருடைய கையும் உப்புத்தாளைத் தேடுகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பழைய மேசையையும் கதவையும் தேய்த்துப் புதிதாக்குவது போல இதையும் புதிதாக்கலாம் என்று நினைக்கிறார்கள். மேசைப் பலகை மேலிருந்து கீழ் வரை ஒரே மரம், மூங்கில் அப்படியன்று. வீட்டில் மூங்கில் ஏணி இருந்தால் அதன் வெட்டுமுனையைச் சற்று உற்றுப் பாருங்கள். வெளிப்புறத் தோலையொட்டிக் கரும்புள்ளிகள் எள்ளை அள்ளித் தூவியது போல நெருங்கியும், உள்ளே போகப் போக விலகி விலகியும் இருக்கும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நார்க்கற்றை. மூங்கிலின் வலிமையும், வளைந்தபின் நிமிரும் குணமும் அந்த நாரில்தான் இருக்கின்றன. மற்றதெல்லாம் சோறு போன்ற மெத்தென்ற சதை. இதற்காகவே கோல் செய்பவர்கள் சீனத்தின் குவாங்டாங் பகுதியில் விளையும் டோன்கின் மூங்கிலைத் தேடி வாங்கி, அதைப் பிளந்து, 60 பாகை முக்கோணப் பிளாச்சுகளாக உட்பக்கம் மட்டும் இழைத்து, தோல் வெளியே வரும்படி ஆறு பிளாச்சுகளைச் சேர்த்து ஒட்டினார்கள். வெளித்தோலில் மேல்மினுக்கைத் தவிர வேறொன்றையும் அவர்கள் தொடவில்லை. நீங்கள் தேய்ப்பது அழுக்கை என்று நினைக்கிறீர்கள். கோலின் உயிரைத்தான் தேய்த்துத் தூளாக்கிக் கொண்டிருக்கிறீர்கள்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். நுனித்துண்டின் முனை ஏறக்குறைய 1.8 மி.மீ. தடிமன் என்று கொள்வோம். ஒவ்வொரு முகத்திலும் 0.1 மி.மீ. மட்டும் தேய்த்தால், எதிரெதிர் முகங்களுக்கிடையே அது 1.6 மி.மீ. ஆகிவிடும். விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விறைப்பு போய்விடுகிறது. போனது நல்ல நார் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடக் கூடுதல். 0.1 மி.மீ. என்பது தாளின் தடிமன். உப்புத்தாளைக் கையில் எடுத்தவர் யாரும் அத்தோடு நிறுத்தியதில்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. கைப்பிடிக்கு மேலே, மூங்கிலின் ஒரு முகத்தில், வார்னிஷுக்கு அடியில், மையால் கோலின் பெயரையும் வரிசை எண்ணையும் கையால் எழுதியிருப்பார்கள். கோல் ஏறத்தாழ எந்தக் காலத்தது என்று சொல்ல அந்த எண்தான் உதவும். அந்த இளைஞரின் கோலில், லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, ஓர் எழுத்தின் வால் மட்டும் மிஞ்சியிருந்தது. தாத்தாவுக்கு அது எந்த ஆண்டில் கிடைத்திருக்கும் என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் அழுக்கை என்ன செய்வது? மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஸ்பிரிட், தின்னர், தேங்காய் எண்ணெய், எதுவுமே வேண்டாம். பழைய கோல்களில் அங்குலத்துக்கு ஒன்றாகப் பட்டு நூல் சுற்றியிருந்தால், அதை அலங்காரம் என்று நினைத்து பிளேடால் அறுத்தெடுக்காதீர்கள். அக்காலத்தில் ஒட்டியது பெரும்பாலும் வஜ்ஜிரத்தால். நம் தச்சர்கள் காய்ச்சிப் பூசிய அதே தோல் பசைதான். ஈரம் பட்டால் அது இளகும் என்பது செய்தவனுக்குத் தெரியும். தெரிந்துதான் நூலையும் சுற்றினான்.

அடுத்து பூண். பல கோல்களில் இது ஜெர்மன் சில்வர்; செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம், வெள்ளி குன்றிமணி அளவுகூடக் கிடையாது. (நகைக்கடையில் எடை போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தவர்களும் இருக்கிறார்கள்.) இறுகிக்கொண்ட பூணை முறுக்காதீர்கள், குறடு கொண்டு பிடிக்கவே பிடிக்காதீர்கள், தூண்டில் லைன் ஓடுவதற்காக நூலால் கட்டிய வளையங்களைப் பிடியாக்கித் திருகாதீர்கள். முறுக்கினால் பூணுக்குள் இருக்கும் பிளாச்சுகளின் ஒட்டு விட்டுப்போகும். எதிரெதிரே இருவர் நின்று, ஒவ்வொருவரும் பூணுக்கு இப்பக்கம் ஒரு கை, அப்பக்கம் ஒரு கை வைத்து, நேர்கோட்டில் இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் அப்படியே கொண்டுவாருங்கள். ஆடுகிற பூணை எப்பாக்ஸி வைத்து நீங்களே ஒட்டிவிடாதீர்கள். பின்னால் கழற்ற வேண்டி வந்தால் மூங்கிலோடுதான் வரும்.

பழுது பார்த்த கோலை வாங்கிக்கொண்டு போய், முதல் நாளிலேயே முறித்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய கோலுக்கு ஏற்ற லைன் எது என்று பார்க்காமல், கார்பன் கோலில் போட்டிருந்த 7ஆம் எண் லைனைக் கழற்றி மாட்டிவிடுகிறார்கள். அந்தக் காலத்துப் பட்டு லைன்களை எடையால் அல்ல, தடிமனால் எழுத்துகளில் குறித்தார்கள். எடையை வைத்து எண் தரும் முறை 1961இல்தான் வந்தது; எண் கூடினால் லைனும் கனம். கோலோடு வந்த குறிப்பில் 'எச்.டி.எச்.' என்றிருந்தால் இன்றைய 5ஆம் எண்ணுக்கு அருகில் என்றும், 'எச்.சி.எச்.' என்றிருந்தால் 6ஆம் எண்ணுக்கு அருகில் என்றும் கொள்ளலாம். ஐயம் இருந்தால் ஓர் எண் குறைவாகவே தொடங்குங்கள்.

நீர்நிலையில் இறங்கும் முன் அனுமதிச் சீட்டு வாங்குங்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தூண்டில் முள் மரக்கிளையில் மாட்டிக்கொண்டால் கோலை ஓங்கி ஓங்கி இழுக்காதீர்கள். நுனியை முள்ளை நோக்கி நேராக நீட்டி, லைனைக் கையால் பிடித்து இழுங்கள்; அறுந்தால் ஒரு செயற்கை ஈ போகும், அவ்வளவுதான். மீனைக் கோலாலேயே கரைக்குத் தூக்காதீர்கள், வலை எதற்கு இருக்கிறது? ஓரிரு மீன்களுக்கு ஒருமுறை கோலைப் புரட்டிப் பிடித்து, வளையங்கள் மேலே வரும்படி மீனை இழுத்தால், கோல் ஒரே பக்கம் கூன் விழாமல் இருக்கும்.

வீடு திரும்பியதும் உலர்த்துவது ஒன்றைத் தயவுசெய்து மறக்காதீர்கள். நம் மலையில் மழையில்லாத நாளிலும் பனிமூட்டம் கோலை நனைத்துவிடுகிறது. ஈரக்கோலைத் துணிப்பையில் போட்டு, பையை உலோகக் குழாயில் போட்டு மூடி, அடுத்த பருவத்தில் திறந்தால், நூல்கட்டு வெளுத்து, பிளாச்சுகளின் இடுக்கில் கறுப்பு ஏறியிருக்கும். துடைத்து, இரண்டு நாள் அறையில் காற்றாட விட்டு, பிறகு பையின் காதைப் பிடித்துச் சட்டை மாட்டும் அலமாரியில் தொங்கவிடுங்கள். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். கணப்புக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

அந்த இளைஞரின் அடித்துண்டையும் நடுத்துண்டையும் ஓரளவு தேற்றிவிட்டேன். நுனிக்கு மட்டும் புதுப் பிளாச்சு ஒட்டிக் கொண்டிருக்கிறேன். அவருக்கு ஆகும் செலவில் தொடாத பழைய கோல் ஒன்றையே வாங்கியிருக்கலாம் என்பதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடைத்தால், இருக்கிற அழுக்கோடு நான்கு படம் எடுத்துக்கொண்டு, துண்டுகளைப் பழைய வேட்டியில் சுற்றி, பிவிசி குழாய்க்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு மட்டும் வராதீர்கள்.