எரியும் எண்ணெய்க்கு நுரைப் போர்வை

போன கிழமை திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் எல்லோருமாக இருந்து தீயணைப்பு வீரர்களைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி நாடகம் பார்த்தோம். கிளம்ப மறுக்கும் பழைய வண்டி, ஆள் பற்றாக்குறை, நிலையத்தையே மூடப்போகிறார்கள் என்ற பேச்சு. இதற்கிடையில் ஒரு எண்ணெய்த் தாங்கி எரிகிறது. "நுரை முடிஞ்சுது!" என்று ஒருவர் கத்துகிறார். உடனே அம்மா கேட்டார்: "பக்கத்தில கடல் கிடக்குத்தானே, தண்ணியை அடிச்சால் என்ன?"

சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அவசியமான கேள்வி.

எரிவது எண்ணெய் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே போதிய ஆவி விடும். டீசலைச் சூடாக்க வேண்டும். தண்ணீர் எண்ணெயைவிட அடர்த்தி கூடியது. அதனால் மேலே நின்று தீயை மூடாமல் கீழே இறங்கிவிடும்.

குசினியில் நடப்பதைப் பாருங்கள். தாச்சியில் தீப்பிடித்த எண்ணெய் 300 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கும். அதில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலீற்றர் தண்ணீர் விழுகிறது. அது அடியில் போய் நொடியில் நீராவியாகிறது. நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். ஆக அந்தக் கரண்டித் தண்ணீர் 25 லீற்றர் ஆவி! அது எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடிக்க, துளி ஒவ்வொன்றும் தீப்பற்றி, கூரை வரை நெருப்பு எழும். தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள். தாச்சியைத் தூக்கவும் வேண்டாம். அடுப்பை நிறுத்துங்கள், ஒரு மூடியை மெதுவாக மேலே தள்ளி மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள்.

பெரிய தாங்கிக்கு அந்த மூடிதான் நுரை. வழக்கமான ஒரு கலவையில் 97 லீற்றர் தண்ணீருக்கு 3 லீற்றர் நுரைத் திரவம் சேரும். பிறகு காற்றும் கலந்து அது பொங்கும். எண்ணெயைவிட இலேசானது என்பதால் மேலே மிதந்து பரவி, ஆவியை அடக்கி, காற்றைத் தடுத்து, மேற்பரப்பையும் குளிர்விக்கும். எண்ணெய்க்குள் நேராகப் பாய்ச்சினால் கலங்கிவிடும். தாங்கியின் உட்சுவரில் பட்டு வழிந்து இறங்கும்படி அடிப்பதே நல்லது.

நாடகத்தில் அந்த ஒருவர் கத்தியதன் கனம் இங்கேதான் புரியும். தீயின் வெப்பம் நுரையை ஓயாமல் அழித்துக்கொண்டே இருக்கும். அழிவதைவிட வேகமாகக் கொட்டினால்தான் போர்வை மூடும். பாதியில் தீர்ந்தால் மூடிய இடமும் திரும்பப் பற்றும், கொட்டியதெல்லாம் வீண். ஆகவே போதிய திரவம் வந்து சேரும்வரை நுரை அடிக்கத் தொடங்காமல் காத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சும்மா நிற்பது போலத் தெரியும். உண்மையில் அவர்கள் நுரைத் திரவக் கான்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

மசகு எண்ணெய், அதாவது சுத்திகரிக்காத எண்ணெய், என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலிருந்து வெப்பம் மெல்ல மெல்லக் கீழிறங்கி, அடியில் தேங்கிய தண்ணீரைத் தொடும்போது, தாச்சியில் நடந்தது தாங்கி அளவில் நடக்கும். சில வேளை அதற்குப் பல மணி நேரம் எடுக்கும். தீ தணிகிறது என்று கிட்டப் போனவர்கள் அகப்பட்டுக்கொள்வார்கள்.

சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய குதங்களில் 99 இன்னும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் குண்டு வீசிய தாக்குதலில் ஒரு தாங்கி பற்றி, நாட்கணக்கில் எரிந்தது.

சரி, அம்மாவின் கடல்? அதற்கும் வேலை இருக்கிறது. பெரும்பாலான நுரைத் திரவங்களை உப்புத் தண்ணீரிலும் கலக்கலாம். அதோடு, பக்கத்துத் தாங்கிகளின் இரும்புச் சுவர் சூடேறாதபடி அந்தத் தண்ணீரைத்தான் விடாமல் அடித்துக்கொண்டிருப்பார்கள்.