கூடவே ஆக்சிஜனையும் கொண்டுவரும் வாயு

பள்ளி ஆய்வகத்தில் ஹைட்ரஜனைச் சோதித்தது பலருக்கு நினைவிருக்கும். சோதனைக் குழாயில் வாயுவைப் பிடித்து, அதன் வாயருகே எரியும் தீக்குச்சியைக் கொண்டுபோனால் 'பாப்' என்று ஒரு சத்தம். அது ஹைட்ரஜன் போடும் சத்தம் என்று எழுதித்தான் மதிப்பெண் வாங்கினோம். பாதிதான் சரி. சுத்தமான ஹைட்ரஜன் நிரம்பிய குழாய் ஏறக்குறைய ஓசையில்லாமல் எரிந்து முடியும். சத்தம் போடுவது காற்றோடு கலந்துவிட்ட ஹைட்ரஜன்.

வீட்டில் செய்யும் ஹைட்ரஜன் ஜெனரேட்டர் தயாரிப்பது இந்த இரண்டாவது வகையை, அதுவும் அதன் மோசமான வடிவத்தில். கருவி எளிமையானது: ஒரு ஜாடி, சில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள், காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர், ஒரு பேட்டரி. 1800இல் ஆங்கிலேயர்களான நிக்கல்சனும் கார்லைலும் செய்துகாட்டிய அதே மின்னாற்பகுப்புதான், அதாவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பது. எதிர்மின்வாயில் இரண்டு பங்கு ஹைட்ரஜன், நேர்மின்வாயில் ஒரு பங்கு ஆக்சிஜன். ஆய்வகக் கருவியில் இரண்டும் தனித்தனிக் குழாய்க்குப் போகும். வீட்டு ஜாடிக்கோ ஒரே மூடி, ஒரே டியூப். முழுதாக எரிய எந்த அளவு ஆக்சிஜன் தேவையோ, துல்லியமாக அந்த அளவோடு கலந்து ஹைட்ரஜன் வெளியே வருகிறது.

சமையல் கேஸ் சிலிண்டருக்குள் ஆக்சிஜன் கிடையாது. அதனால் அடுப்புத் தீ குழாய் வழியே உள்ளே போக முடியாது. இங்கே டியூபுக்குள்ளேயே எல்லாம் தயார். நுனியில் பற்றிய தீ பின்னோக்கி ஓடி ஜாடிக்குள் நுழையும். இந்தக் கலவையில் தீ வெடிப்பலையாக மாறிவிட்டால் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 2,800 மீட்டர், காற்றில் ஒலி போகும் வேகத்தைப் போல எட்டு மடங்கு. 'தீ தெரிந்ததும் வால்வை மூடிவிடலாம்' என்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

பற்ற வைக்கவும் அதிகம் தேவையில்லை. 0.02 மில்லிஜூல் ஆற்றல் போதும். கதவுக் கைப்பிடியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று படும் நிலைமின் பொறியில் அதைப் போலப் பல மடங்கு ஆற்றல் இருக்கிறது. பேட்டரி முனையிலிருந்து கிளிப்பைக் கையால் பிடுங்கி நிறுத்தும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. பிடுங்கும் நொடியில் பொறி பறக்கும். சுவிட்ச் ஜாடியிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும், கூடவே ஒரு ஃபியூஸ். தகடுகளை இணைக்கும் திருகுகள் மூடிக்குக் கீழே, வாயு நிற்கும் இடத்தில் இருந்தால், அவை தளர்ந்து உள்ளேயே பொறி வரும்.

அளவையும் பார்த்துவிடுவோம். ஒரு ஜோடித் தகடு வழியே 10 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு வாயுவும் சேர்ந்து ஆறரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். அதில் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் ஒரு டம்ளர் தண்ணீரை எட்டு டிகிரி சூடாக்கத்தான் காணும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அது வெளிப்படுவது ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், மூடிய கண்ணாடி ஜாடிக்குள். கண்ணுக்கும் காதுக்கும் அது தாராளம்.

ஆகவே இந்த வாயுவைச் சேர்த்து வைக்கவே கூடாது. பலூனில் பிடிப்பது, பாட்டிலில் அடைப்பது, வால்வை மூடிவிட்டு மின்சாரத்தை ஓடவிடுவது எல்லாமே வெடிகுண்டு செய்வதுதான். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே உள்ள காலி இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அடுத்தது பப்ளர். ஜாடியிலிருந்து வரும் டியூப், தண்ணீர் ஊற்றிய இன்னொரு சிறு பாத்திரத்தின் அடிவரை இறங்கும். வாயு தனித்தனிக் குமிழிகளாக மேலே வந்து அடுத்த டியூபுக்குப் போகும். தீ திரும்பி வந்தால் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள கொஞ்ச வாயு 'டப்' என்று வெடிக்கும். குமிழிக்குக் குமிழி நடுவே தண்ணீர் இருப்பதால் அதற்கு மேல் போகாது. அந்த 'டப்'புக்கு வழிவிடத்தான் மூடியை இறுக்காமல் தக்கை மாதிரி செருகி வைப்பார்கள், முகத்துக்கு நேராக இல்லாமல்.

இந்தப் பப்ளர் கவிழ்த்துவிடும் இடங்களும் உண்டு. வாயு வேகமாக வந்தால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தொடர்ச்சியான பாதையாகிவிடும், தீ அதன் வழியே இறங்கும். இன்னொன்று கண்ணில் படாதது. கருவியை அணைத்ததும் ஜாடி ஆறி, உள்ளிருக்கும் வாயு சுருங்கி, பப்ளர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் பார்க்காமல் ஓட்டினால் காவலுக்கு இருப்பது வெறும் பாத்திரம். நடுவே ஒருவழி வால்வு வேண்டும், ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தைப் பார்க்கவும் வேண்டும். மற்ற எரிவாயுக்களுக்கான தீத்தடுப்பு வலையை நம்ப வேண்டாம். மீத்தேன் தீ 2 மில்லிமீட்டர் இடுக்கிலேயே அணைந்துவிடும். ஹைட்ரஜன் தீ, காற்றில்கூட, 0.6 மில்லிமீட்டர் வரை நுழையும்.

தண்ணீரில் எதைக் கலப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. சமையல் உப்பைப் போட்டால் நேர்மின்வாயில் குளோரின் வரும். அது நச்சு வாயு. காஸ்டிக் சோடா பரவாயில்லை, ஆனால் அது கண்ணைப் பறித்துவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. தண்ணீரில்தான் அதைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பொருத்திகளை அது அரித்துத் தானும் ஹைட்ரஜனை உண்டாக்கும். ஸ்டீல் தகடு அரிக்கப்பட்டுப் பழுப்பாக அடியில் தங்கும் சேற்றில் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியச் சேர்மம் இருக்கலாம். அதைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம்.

ஒரு ஜோடித் தகட்டுக்கு 1.48 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பதெல்லாம் வெப்பமாகத்தான் போகும். 12 வோல்ட்டை ஒரே ஜோடிக்குக் கொடுத்தால் வாயுவைவிடச் சூடே அதிகம்; பிளாஸ்டிக் இளகும், இணைப்பு கசியும். கசிந்தாலும் மூக்குக்குத் தெரியாது, ஏனென்றால் ஹைட்ரஜனுக்கு மணமில்லை. மேலே ஏறிக் கூரைக்கடியில் தங்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும், 75 சதவீதம் வரை பற்றும். அறைக்குள் வேண்டாம், திறந்தவெளிதான் இடம். இணைப்புகளைச் சோப்பு நுரையால் சோதிக்கலாம். சுத்தமான ஹைட்ரஜன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. ராக்கெட் எரிபொருளாக அதைக் கையாண்ட இடங்களில் ஒரு காலத்தில் துடைப்பத்தை முன்னே நீட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்கள், அது பற்றிக்கொண்டால் அங்கே தீ.

காரில் மாட்டினால் மைலேஜ் கூடும் என்ற பேச்சுக்கு ஒரு வரி போதும்: அந்த மின்சாரத்தையும் எஞ்சின்தான் தர வேண்டும், வழியில் ஒவ்வொரு படியிலும் இழப்பு.

தண்ணீர் பிரிவதைப் பார்க்கும் ஆசைதான் என்றால் ஜாடியே வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் ஒரு திறந்த டம்ளர், சமையல் சோடா கரைத்த தண்ணீர், 9 வோல்ட் பேட்டரி, இரு முனையும் சீவிய இரண்டு பென்சில்கள் போதும். மூடி இல்லாததால் வாயு எங்கும் சேராது. பேட்டரியின் மைனஸ் முனையோடு இணைத்த பென்சிலில் குமிழிகள் மளமளவென்று கிளம்பும், மற்றதில் நிதானமாக.