கோடு போட்ட தாள் செய்யும் வேலை

பார்கின்சன் நோய் உள்ள பலருக்கு எழுதத் தொடங்கும்போது கையெழுத்து சுமாராக இருக்கும். நான்கைந்து வரி போவதற்குள் எறும்பு ஊர்ந்ததுபோல் சுருங்கிவிடும். அவர்களிடமே கோடு போட்ட தாளைக் கொடுத்து, ஒவ்வொரு எழுத்தும் மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் தொட வேண்டும் என்று சொன்னால், எழுத்து பெரும்பாலும் பெரிதாகிவிடுகிறது. அதே கை, அதே பேனா.

நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் செல்கள் அழிவதால், மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்க்லியா என்ற பகுதி தடுமாறுகிறது. யோசிக்காமல் நடப்பது, அசைவு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அளப்பது எல்லாம் அதன் பொறுப்பு. கவனம் வைத்துச் செய்யும் அசைவுக்கு மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) வழியாக வேறொரு பாதை உண்டு. அது அவ்வளவாகப் பழுதாவதில்லை. கோடு போட்ட தாள் வேலையை அந்தப் பாதைக்கு மாற்றிவிடுகிறது. குரலும் இப்படித்தான்: சாதாரண சத்தத்தில் பேசினாலே தான் கத்துவதாக நோயாளிக்குத் தோன்றும். ‘கத்துகிற’ அந்த அளவுதான் சரியான அளவு என்று பழக வேண்டும்.

வாசற்படியிலோ திரும்பும்போதோ கால் தரையோடு ஒட்டிக்கொண்டால், பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து இழுப்பார். செய்யவே கூடாத காரியம் இது. மேலுடம்பு முன்னே போகும், கால் வராது, ஆள் விழுவார். முதலில் நின்றுவிட வேண்டும். நிமிர்ந்து, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு இரண்டு மூன்று முறை மாற்றி, பிறகு குதிகால் முதலில் படும்படி ஒரு பெரிய எட்டு. அடிக்கடி ஒட்டும் இடத்தில் பளிச்சென்ற டேப்பை, அவர் வசதியாக வைக்கும் எட்டின் அளவு இடைவெளியில், நடைக்குக் குறுக்காக ஒட்டலாம். நடக்கும் திசையிலேயே நீளமாக ஒட்டினால் பெரிதாகப் பயனில்லை. தாண்டுவதற்குக் கோடு வேண்டுமே! திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டமாகச் சுற்றி வருவது நல்லது.

இந்த மாற்றுப்பாதையில் ஒரு சிக்கல்: கவனத்துக்குக் கொள்ளளவு குறைவு. போன் அடித்ததும் பையைத் துழாவினால் நடை குலையும். நின்று பேசுவதே மேல்.

பயிற்சியை மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பார்கின்சனுக்குத் தரும் முக்கிய மருந்தான லெவோடோபா, சாப்பாட்டிலுள்ள புரதத்தோடு போட்டியிட்டுத்தான் குடலிலிருந்து உறிஞ்சப்படும். அதனால் சிலருக்குச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போடச் சொல்வார்கள். நேரத்தையோ அளவையோ மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. சில வாரங்களில் நடை படிந்த பிறகு, இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யப் பழக, நடந்துகொண்டே 100-இலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணிப் பார்க்கலாம். சுவரோரமாக, பக்கத்தில் ஒருவர் துணையிருக்க.