எண்ணெய் விட்ட குழலில் துரு எங்கிருந்து வருகிறது?

"சுட்டு முடித்த கையோடு துப்பாக்கிக் குழலைத் துடைத்து, எண்ணெயும் விட்டு வைத்தேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால் உள்ளே துரு. எண்ணெய் போலியா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழைய இராணுவ உபரித் தோட்டாக்களைப் பயன்படுத்தியதாகவும் எழுதியிருக்கிறார். விடை அங்கேதான் இருக்கிறது. எண்ணெய்மேல் பழி வேண்டாம்.

குழலுக்குள் படியும் அழுக்கு ஒரே வகை அல்ல. வெடிமருந்து எரிந்த கரி, குண்டின் மேலுறையிலிருந்து தேய்ந்து ஒட்டும் செம்பு, உறையில்லாத குண்டு விட்டுச்செல்லும் ஈயம் என்று பல. கரியைப் பெட்ரோலியக் கரைப்பான் இளக்கும். ஈயத்தை வெண்கலத் தூரிகைதான் சுரண்டியெடுக்கும். நம் வாசகரைக் கவிழ்த்தது நான்காவது ஆள்: உப்பு.

தோட்டாவின் அடியில், துப்பாக்கியின் ஊசி அடித்ததும் பற்றிக்கொண்டு வெடிமருந்தைக் கொளுத்தும் சிறு மூடிதான் பிரைமர். பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். ஊசி அடித்ததும் அது தன் ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மிஞ்சி, குழல் முழுக்க மெல்லிய தூளாகப் படிகிறது. இது சமையல் உப்பின் பங்காளி. உலர்ந்திருக்கும்வரை பெரிதாக வம்பு செய்யாது. 25 டிகிரி செல்சியஸில் காற்றின் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். வறண்ட வாரம் முழுக்கப் பளபளத்த குழல் ஒரே ஈர இரவில் துருப்பிடிப்பது இதனால்தான்.

அடுத்து நடப்பதுதான் அழகு. இரும்பின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடுப் படலத்தைக் குளோரைடு அயனி ஓரிடத்தில் உடைக்கிறது. அங்கே இரும்பு கரைந்து நேர்மின் அயனியாகிறது. அதைச் சமன்செய்ய மேலும் குளோரைடு அந்தக் குழிக்குள் போகிறது. இரும்பு அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்க, குழிக்குள் அமிலத்தன்மை ஏற ஏற இரும்பு இன்னும் வேகமாகக் கரைகிறது. இத்தனைக்கும் குளோரைடு பெரும்பாலும் செலவாவதே இல்லை! துளி உப்பு போதும், வேலை நடந்துகொண்டே இருக்கும். எஃகின் நுண்துளைகள் வாயுவைக் குடித்துப் பின்னர் 'வியர்க்கின்றன' என்று நம்பிய காலமும் உண்டு. எஃகு எதையும் வியர்ப்பதில்லை. கழுவாத உப்பு ஈரத்தை வாங்குகிறது, அவ்வளவே.

அயனிச் சேர்மமான இந்த உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் விட்டால் உப்பு அடியில் அப்படியே இருக்கும். 100 மில்லி தண்ணீரோ, 20 டிகிரியில் 34 கிராம் உப்பைக் கரைத்துவிடும். ஆகவே மருந்து தண்ணீர்தான். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் உப்பை 'முறிக்கும்' என்பது தவறு. இது நடுநிலை உப்பு, முறிக்க அதில் எதுவுமில்லை. வேலை செய்வது அந்தப் புட்டியிலிருக்கும் தண்ணீர். பெயருக்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை, கழற்றுங்கள். சேம்பரை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தை, கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். தோட்டாக்கள் வேறு அறைக்குப் போகட்டும். குழலின் வாயைக் கீழே சாய்த்து, சேம்பர் பக்கமிருந்து புனல் வழியாக அரை லிட்டர் கொதிநீர் ஊற்றுங்கள். கொதிநீர் ஏனென்றால், சூடேறிய குழல் தானே சீக்கிரம் உலரும். சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்தையும், வாயுவால் இயங்கும் வகையென்றால் பிஸ்டனையும் கழுவ மறக்காதீர்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பிறகு உலர்ந்த துணித்துண்டுகள், அதன்பின் கரைப்பான், கடைசியில் எண்ணெய். 1904இல் ஜெர்மனியில் உருவான பாலிஸ்டால் என்ற துப்பாக்கி எண்ணெய் தண்ணீரோடு பால்போலக் கலக்கும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்தும் கழுவலாம்.

புதிய பிரைமர்களில் பெரும்பாலும் குளோரேட் கிடையாது. அங்கே கரியும் செம்பும்தான் கவலை. செம்புக்கு அம்மோனியாக் கரைப்பான்: காற்றின் ஆக்ஸிஜன் செம்பை அயனியாக்க, அம்மோனியா அதைப் பற்றிக்கொண்டு கருநீலமாகும். துணி நீலமாக வந்தால் செம்பு இன்னும் இருக்கிறது. ஆனால் வெண்கலத் தூரிகையும் துடைப்புக் கம்பியின் பித்தளை முனையும் கரைந்து பொய் நீலம் காட்டும். நைலான் தூரிகை போதும். லேபிளில் போட்ட நேரத்துக்குமேல் ஊறவிடாதீர்கள். நிக்கல் பூச்சு உள்ள பாகங்களில் படக்கூடாது. பிளீச்சை அருகிலேயே கொண்டுவராதீர்கள், கலந்தால் நச்சுவாயு. ஜன்னலைத் திறந்து, நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். பிரைமர் கரியில் ஈயம் இருக்கும்.

தூரிகையைச் சேம்பர் பக்கமிருந்து நுழைத்து, வாய்வழியே முழுதாக வெளியேற்றிய பிறகே திருப்புங்கள். வாயின் விளிம்பைத் துடைப்புக் கம்பி உரசித் தேய்த்தால் குறி கெடும்.

கழுவுவது, எண்ணெயிடுவது, துருவைத் தடுப்பது என எல்லாவற்றையும் செய்யும் ஒரே புட்டி வசதியானது, ஆனால் எதிலும் முதலிடம் வராது. டபிள்யூடி-40 என்ற தெளிப்பு எண்ணெயின் பெயரே நீரை விலக்குவதைக் குறிப்பது. கழுவியபின் ஈரம் போக்க நல்லது, மாதக்கணக்கில் காக்கும் பூச்சாக நம்பாதீர்கள். எண்ணெயும் உரசும் இடங்களில் மெல்லிய படலமாக இருந்தால் போதும். அடிக்கும் ஊசியின் பாதையில் தேங்கிய எண்ணெய் குளிரில் கெட்டியாகி, பிரைமரை அடிக்கும் வேகத்தைக் குறைத்துவிடும். குழலில் பூசியதையும் அடுத்தமுறை சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள்.