செட்டிநாட்டு வீட்டில் பேய் நடமாட்டமா? முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள்

செட்டிநாட்டுப் பகுதியில் பழைய வீடுகளின் பழுதுபார்ப்பை மேற்பார்வையிடும் கட்டடப் பொறியாளன் நான். ஒழுகும் கூரைக்கும் கரையான் அரித்த உத்திரத்திற்கும் அடுத்தபடியாக என்னிடம் வரும் புகார், வீட்டில் 'நடமாட்டம்' இருக்கிறது என்பதுதான். பேய் என்ற சொல்லைப் பெரும்பாலோர் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஏதோ சரியில்லை, ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்பார்கள். பேய் உண்டா இல்லையா என்ற வாதத்தில் நான் இறங்குவதில்லை. கட்டடத்தில் எங்கோ பழுது என்பதற்கான முதல் தகவலாகவே அந்தப் புகாரை எடுத்துக்கொள்கிறேன். அதன் பின்னால் இருக்கும் பழுதுகளுள் சில உயிரைக் குடிப்பவை என்பதே அதற்குக் காரணம்.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்த வீடுகளிற் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940களுக்கும் இடையே, பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு எழுப்பப்பட்டவை. இன்று ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர்களாக இருந்தும், திருமணத்திற்கும் முன்னோரை வணங்கும் படைப்புக்கும் மட்டுமே முகப்புக் கதவு திறக்கிறது. மற்ற நாட்களில் காவல்காரர் ஒருவர் மட்டும் இருக்கும் அத்தனை பெரிய வீட்டில் எலியும் ஆந்தையும் ஈரமும் குடியேறுவதில் வியப்பில்லை.

விசாரணையை எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன். கண்டவர்களையும் கேட்டவர்களையும் தனித்தனியாக உட்காரவைத்து, எந்த அறை, கடிகாரத்தில் என்ன மணி, அன்று மழை பெய்ததா, எந்த விளக்கும் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன, அதற்கு முந்தைய இரவு தூங்கினார்களா என்று கேட்டு எழுதுகிறேன். எல்லோரையும் பட்டாலை என்னும் கூடத்தில் கூட்டிவைத்துக் கேட்டால் முதலில் பேசியவரின் கதையையே மற்றவர்களும் தம்மையறியாமல் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு வீட்டில், மழைக்காலத்தில் மட்டும் பின்கட்டுச் சன்னலருகே போனால் யாரோ கையைப் பிடித்து இழுப்பதாக வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். பூசை போட்டு, எலுமிச்சம்பழமும் கட்டியிருந்தார்கள். சன்னலின் இரும்புக் கம்பியில் டெஸ்டரை வைத்ததும் விளக்கு எரிந்தது. பழைய மரப்பட்டி ஒயரிங்கில் எலி கடித்த இடத்திலிருந்து நனைந்த சுண்ணாம்புச் சுவர் வழியே மின்சாரம் அந்தக் கம்பிக்கு வந்திருந்தது. மின்சாரம் பாயும்போது முன்கைத் தசைகள் தாமாகச் சுருங்கும். விரல்கள் கம்பியை இறுகப் பற்றிக்கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது. பிடித்து இழுத்ததாக அவர்கள் சொன்னது அணுவளவும் பொய்யில்லை. அவர்கள் பிழைத்தது காய்ந்த மரப்படியில் நின்றதால்தான். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தால் நிலைமையே வேறு. நடமாட்டம் என்ற பேச்சு எழும் எந்தப் பழைய வீட்டிலும் மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு கசிவைச் சோதித்து, எர்த் இணைப்பைச் சரிசெய்து, 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யைப் பொருத்திய பிறகே மற்றவற்றைப் பேச வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பரிகாரத்திற்குச் செலவழிக்கும் தொகையில் இவ்வளவையும் முடித்து மீதியும் வைத்துக்கொள்ளலாம்.

அணைத்த பிறகும் மங்கலாக எரியும் எல்.இ.டி. விளக்கு இதற்கு அடுத்த புகார். சுவிட்சை மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயரில் வைக்காமல் அது திரும்பும் நியூட்ரல் ஒயரில் வைத்திருந்தாலோ, நீண்ட ஒயர்கள் ஒன்றையொன்று ஒட்டி ஓடினாலோ சிறு மின்னோட்டம் விளக்குக்கு வந்துகொண்டே இருக்கும்; அதுவே எல்.இ.டி.க்குப் போதுமானது. பழைய குண்டு பல்பு இருந்தவரை வெளியே தெரியாமலிருந்த தவறு இது.

சத்தங்களுக்கு நேரமே சாட்சி. தடித்த சுண்ணாம்புத் தளமும் செங்கல்லும் பகல் வெயிலை உள்வாங்கிப் பல மணி நேரம் கழித்தே வெளியே விடுவதால், தேக்கு உத்திரமும் இரும்பு விட்டமும் சுருங்கி 'டக்' என்று எழுப்பும் ஓசை பொழுது சாய்ந்தவுடன் கேட்காமல், ஊர் அடங்கிய பிறகு கேட்கிறது. மேல்தளத்தில் காலடிச் சத்தம் என்றால் மச்சில் கோலமாவைத் தூவிவிட்டு வருவேன். காலையில் பெரும்பாலும் மரநாயின் ஐந்து விரல் தடம் பதிந்திருக்கும். யாரும் சமைக்காத அடுப்படியில் வாசனை அரிசி வேகும் மணம் வந்தது என்ற புகாரும் பல வீடுகளில் அதனிடமே போய் முடிந்திருக்கிறது. மரநாய் விட்டுச்செல்லும் வாடை அப்படித்தான் இருக்கும். மூச்சிரைக்கும் ஒலி, கூட்டில் பசியோடிருக்கும் கூகை என்ற ஆந்தையின் குஞ்சுகளுடையது. கூகை கக்கிய, எலும்பும் மயிரும் கலந்த கரிய உருண்டைகளைச் செய்வினை என்று எண்ணி நடுங்கிய குடும்பங்களும் உண்டு. இவ்வுயிர்களைக் கொல்லவோ விஷம் வைக்கவோ கூடாது. குட்டிகள் வெளியேறிய பின் துவாரங்களை வலையால் அடைத்தால் போதும்.

ஒரே அறையில் இருந்த பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போன்ற உணர்வு என்று கேள்விப்பட்டால் நான் உட்கார்ந்து குறிப்பெழுதுவதில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவு சன்னல்களைத் திறக்கச் சொல்கிறேன். 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர், ஒரு பழைய பெரிய வீட்டுக்குக் குடிபோன குடும்பம் காலடி ஓசைகளையும் உருவங்களையும் உணர்ந்து, தலைவலியால் வாடிய செய்தியை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். அந்த வீட்டின் செடிகளும் பட்டுப்போயின. வீட்டைச் சூடாக்கும் பழுதான உலையிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. நம் வீடுகளில் உலை இல்லை. ஆனால் விசேஷ நாட்களில் பின்கட்டுக்குள் வைத்து ஓட்டும் ஜெனரேட்டரும், அடைத்த அறையில் கனலும் கரிக்குமுட்டியும் அதே வாயுவைத்தான் கக்குகின்றன. அதற்கு நிறமும் மணமும் கிடையாது.

புழங்காத கிணறு இதைவிடக் கொடியது. 'இறங்கியவனைக் கிணறு வாங்கிவிட்டது' என்று சொல்லப்படும் மரணங்களுக்குப் பின்னால் பிராணவாயுக் குறைவோ அடியில் தேங்கிய நச்சுவாயுவோ இருக்கக்கூடும். தூக்கிவிட இறங்கிய இரண்டாமவரும் அதனாலேயே விழுகிறார். விளக்கை இறக்கிப் பார்ப்பதை நம்பக் கூடாது, விளக்கு எரிந்தாலும் நச்சுவாயு இருக்கலாம். மீட்பு தீயணைப்புத் துறையின் வேலை.

பயணக் களைப்போடு வந்து புதிய இடத்தில் மல்லாந்து படுத்தவர்களை 'அமுக்குவான்' பேய் அமுக்குவதும் கட்டடத்தின் குறை அன்று. கனவு நிலையில் உடல் தசைகள் செயலற்றிருக்கும்போதே விழிப்பு வந்துவிடும் தூக்கக் கோளாறு அது. பெல்ஜியம் கண்ணாடியில் வேறு முகம் தெரிந்தது என்பவர்களிடம், விளக்கு எத்தனை மங்கலாக இருந்தது என்று கேட்பேன். மங்கிய ஒளியில் தன் முகத்தையே சில நிமிடம் உற்றுப் பார்ப்பவர்களுக்கு அது கோணலாகவும் அந்நியமாகவும் மாறித் தெரிவதை இத்தாலிய உளவியலாளர் ஜியோவன்னி கபுட்டோ 2010இல் சோதித்து எழுதியிருக்கிறார். ஆனால் ஒருவருக்கு மட்டும், எந்த வீட்டுக்குப் போனாலும் குரல் கேட்கிறது என்றால் அது என் வேலை அன்று. அவரை மந்திரவாதியிடம் இழுத்துச் செல்லாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

கடைசியாக, மனிதர்கள். தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் காரைக்குடிப் பழம்பொருள் சந்தையில் நல்ல விலை கிடைக்கும் காலத்தில், வீட்டைப் பற்றிய பேய்க்கதையால் ஆதாயம் அடைபவர் யார் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. பயந்த பங்காளி தன் பங்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட முனைவதையும், இடித்து விற்க ஆள் தயாராக நிற்பதையும் கண்டிருக்கிறேன். அதனால்தான் என் அறிக்கையின் நகலை, வெளிநாட்டில் இருப்பவர் உட்பட ஒவ்வொரு பங்காளிக்கும் அனுப்பச் சொல்கிறேன். எந்த அறையில் எந்தப் பழுது, சரிசெய்ய என்ன செலவு என்பது அதில் இருக்கும். விடை கிடைக்காத குறிப்புகளுக்கு எதிரே 'காரணம் தெரியவில்லை' என்றே எழுதியிருப்பேன்.